பேசும் பேண்டேஜ்

திருத்தணியிலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்கூடத்தைவிட அதன் பெயர்ப்பலகை பெரியது. 'உயிர் மருத்துவ ஸ்மார்ட் பொருட்கள் உயராய்வு மையம்' என்று தமிழ், ஆங்கிலம், தெலுங்கு மூன்றிலும் எழுதியிருக்கும். உள்ளே போனால் இரண்டு அறைகள். ஒன்றில் கருவிகள். அவற்றில் பாதி ரிப்பேர். இன்னொன்றில் சோபா, கண்ணாடி மேஜை, மையத்தின் இயக்குநர் பேராசிரியர் பஞ்சாட்சரம்.

பஞ்சாட்சரம் கடைசியாகக் கண்ணாடிக் குடுவையைத் தொட்டது எந்தக் காலத்தில் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டை மட்டும் வைத்திருந்தார். போட்டோகிராபர் வரும் நாட்களில் அதை எடுத்து மாட்டிக்கொள்வார். இஸ்திரி மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. யாராவது ஒரு டெஸ்ட் டியூபைக் கையில் கொடுப்பார்கள். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே கடவுளைக் கண்டதுபோல ஒரு பார்வை பார்ப்பார். பெரும்பாலும் அதில் இருப்பது குழாய்த் தண்ணீர்.

வேலை செய்வது கயல்விழி. முனைவர் பட்டத்துக்கு அவரிடம் ஆய்வு செய்யும் ஆர்.கே.பேட்டைக்காரி. வீட்டில் கொஞ்சம் நிலம், வேர்க்கடலை, ஒரு போகம் நெல். பஸ் பிடித்து வந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் செய்தது ஒரு பேண்டேஜ். நுங்குபோலக் குளுகுளுவென்று இருக்கும் மெல்லிய ஷீட். புண்ணின் மேல் ஒட்டினால் மஞ்சளாக இருக்கும். உள்ளே கிருமி பெருகினால் புண்ணிலிருந்து கசியும் நீரில் காரத்தன்மை ஏறும். உடனே ஷீட் சிவந்துவிடும். கட்டைப் பிரித்துப் பார்க்காமலே புண் கெட்டுப்போனதைத் தெரிந்துகொள்ளலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதே விஷயம்தான். கண்ணாடித் தட்டில், சுத்தமான உப்புநீரில், அவள் வளர்த்த கிருமியோடு அது அழகாக வேலை செய்தது. அது முதன்முதலில் சிவந்தபோது கயல்விழி யாருக்கும் தெரியாமல் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். அவளுக்கு அந்த ஷீட் மேல் அவ்வளவு பெருமை.

பஞ்சாட்சரம் அதற்குப் 'பேசும் பேண்டேஜ்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு அவருடைய பங்கு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்ச நாள் முன்பு கயல்விழியையும் பிரேம்குமாரையும் அறைக்குக் கூப்பிட்டார். பிரேம்குமார் அங்கே முனைவர் பட்டம் முடித்து, அங்கேயே ஒட்டிக்கொண்டவன். பஞ்சாட்சரம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே அதற்குத் தலையாட்டத் தொடங்கிவிடுவான். வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"கிருத்திகைக்கு லட்சக்கணக்கில ஜனம் வருது. பாதிப் பேர் வெறுங்கால்ல நடந்து வர்றாங்க. காலெல்லாம் கொப்புளம், புண்ணு. கோயில் மலைப் படிக்கட்டு அடிவாரத்துல நாம ஒரு இலவச முகாம் போடறோம். நிதி கொடுக்கிற கமிட்டியிலிருந்து ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்கேன். டிவிக்கும் சொல்லியாச்சு" என்றார் பஞ்சாட்சரம்.

"சூப்பர் சார்" என்றான் பிரேம்குமார்.

"சார், மனுஷங்க மேல இன்னும் நாம டெஸ்ட்டே பண்ணலையே. எதிக்ஸ் கமிட்டி பர்மிஷன் வேணுமே" என்றாள் கயல்விழி.

"இது ஆய்வு இல்லம்மா, சேவை. சேவைக்கு எதுக்குக் கமிட்டி?"

"அப்புறம் ஆராய்ச்சிப் பேப்பர்ல போடுவீங்களே சார்?"

"அது அப்புறம்."

"இன்னொண்ணு சார். குளத்துல குளிச்சிட்டு ஈரக்காலோட வருவாங்க. உடம்பெல்லாம் விபூதி. விபூதி தண்ணி பட்டா காரம் சார். புண்ணு சுத்தமா இருந்தாலும் ஷீட் சிவந்துடும்."

பஞ்சாட்சரம் பிரேம்குமாரைப் பார்த்துச் சிரித்தார். பிரேம்குமாரும் சிரித்தான்.

"கயல், உன்கிட்ட இருக்கிற ஒரே பிராப்ளம் இதான். நெகட்டிவாவே யோசிக்கிற."

கிருத்திகையன்று அடிவாரத்தில் கட்டியிருந்த பேனரில் பஞ்சாட்சரத்தின் முகம் முருகனின் முகத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. வேல் கிட்டத்தட்ட அவருடைய காதுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 'உலகிலேயே முதன்முறையாக' என்று மேலே போட்டிருந்தார்கள். பம்பை ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், அரோகரா சத்தம். மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. பூக்காவடிகள் தெருவை அடைத்துக்கொண்டு நகர்ந்தன. தார் ரோடு கொதித்தது. ஜனங்கள் குதித்துக் குதித்து நடந்தார்கள். இலவசம் என்று மைக்கில் சொன்னதும் பந்தலுக்குள் கூட்டம் நுழைந்தது.

கயல்விழியும் பிரேம்குமாரும் ஒவ்வொரு காலாகத் துடைத்து ஒட்டினார்கள். அவள் முடிந்த மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் ஒட்டினாள். பிரேம்குமார் அதையும் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் ஷீட்டுகள் சிவக்கத் தொடங்கின. ஒரு கால், இரண்டு கால் அல்ல. பந்தல் முழுக்க, பெஞ்சு பெஞ்சாக, வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்தன.

பஞ்சாட்சரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லோக்கல் டிவிக்காரரிடம் போனார்.

"பாருங்க, பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு இன்ஃபெக்ஷன்! கண்ணுக்குத் தெரியாத கிருமி. நம்ம பேண்டேஜ் மட்டும் இல்லன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. என் சந்தேகம் குளத்துத் தண்ணி மேலதான். உடனடியா அதைச் சோதிக்கணும்."

கயல்விழி ஓடி வந்து அவரைத் தனியே கூப்பிட்டாள். கையில் ஒரு புது ஷீட் வைத்திருந்தாள். அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் கிடந்த பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை விபூதியைத் தூவினாள். அவர் கண் முன்னாலேயே சிவந்தது.

"சார், கிருமி இல்ல. விபூதி. டிவிக்காரர்கிட்ட சொன்னதை உடனே மாத்திச் சொல்லிடுங்க."

"இங்க வச்சுப் பண்ணாத" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. ஷீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் செய்தி எல்லாருடைய போனிலும் ஓடிவிட்டது. பொதட்டூர்பேட்டையிலிருந்து காவடிக் கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்த சேட்டு என்பவர், மஞ்சள் வேட்டியும் கழுத்தில் மாலையுமாக, பத்திருபது பேரோடு பந்தலுக்குள் வந்தார்.

"சாமி கொளத்துல கிருமி கீதுன்னு டிவில சொன்னது யாருங்க?"

பிரேம்குமார் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையை ஆட்டாமல் வைத்திருந்தான்.

"நாங்க சின்னப் புள்ளிங்கள்ல இருந்து அதுல குளிச்சிகினு கீறோம். எங்களுக்கு வராத கிருமி இன்னிக்கு உன் பந்தலுக்குள்ள மட்டும் எப்டி வந்துச்சி?"

கயல்விழி முன்னால் வந்தாள். "குளத்துல ஒண்ணும் இல்லீங்க. இந்த ஷீட்டு விபூதி பட்டா சிவந்துடும். அதான் நடந்தது."

"விபூதி பட்டா செவக்குமா?" சேட்டு குனிந்து ஒருவர் காலைப் பார்த்தார். பிறகு பேனரைப் பார்த்தார். "இதுக்கா உலகத்துலயே மொத தபான்னு போட்டுகினு கீறீங்க? எங்க ஊட்டு ஆரத்தித் தட்டு இன்னா பாவம் பண்ணுச்சி?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. வேறு ஒரு மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். பஞ்சாட்சரம் மைக்கை வாங்கினார்.

"அன்பான பக்தர்களே, விபூதி இருக்கிறதைக்கூட இது கண்டுபிடிக்குது பாருங்க! அதுக்குப் பேர்தான் ஸ்மார்ட்!"

சேட்டுவே அசந்துபோய்விட்டார். "இந்த ஆள்கிட்ட பேசி ஆவாது. வாங்கடா" என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு மலை ஏறப் போனார். ஒட்டியிருந்தவர்கள் ஷீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள். தரையெல்லாம் சிவப்பு. கயல்விழி அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

நிதிக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தது அப்போதுதான். பஞ்சாட்சரம் பந்தலைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். கடைசி பெஞ்சில் ஒரு நடுவயது அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கால் ஷீட் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அவர்களை நேராக அங்கே அழைத்துப் போனார்.

"பாருங்க, சுத்தமான புண்ணு. மஞ்சள்! எவ்வளவு தெளிவாச் சொல்லுது பாருங்க."

அந்த அம்மாள் பெயர் பூவம்மாள். மணவூர்ப் பக்கம். அவளும் அவள் புருஷன் எல்லப்பனும் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள். மகளுக்குக் குழந்தை பிறந்ததற்கு வேண்டிக்கொண்டு ஊரிலிருந்தே நடந்து வந்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் அவள் காலைப் போட்டோ எடுத்தார்கள். "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்குது. தாராளமா மேல ஏறிப் போங்க" என்றான் பிரேம்குமார்.

பூவம்மாள் எழுந்து கயல்விழியைத் தாண்டி நடந்தாள். அப்போது கயல்விழிக்கு ஒரு வாடை அடித்தது. சந்தனம், கற்பூரம், வியர்வை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வாடை. ஆய்வுக்கூடத்தில் தட்டுகளைத் திறக்கும்போது அவள் தினமும் முகர்கிற வாடை.

"அம்மா, ஒரு நிமிஷம் உக்காருங்க. காலைக் காட்டுங்க."

உள்ளங்காலில், கட்டை விரலுக்குக் கீழே, தோல் காய்த்துத் தடித்துப்போயிருந்தது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. ஷீட் அந்தத் தடிப்பின் மேல் சப்பென்று உட்கார்ந்திருந்தது. அடியில் என்ன நடந்தாலும் அதற்கு எட்டாது. இன்னும் குளத்தில் குளிக்காததால் விபூதியும் படவில்லை. சுற்றிலும் தோல் கருநீலமாக இருந்தது.

"வலிக்குதாம்மா?"

"வலிலாம் ஒண்ணும் இல்லியே."

"இங்க அழுத்தறேன். தெரியுதா?"

"நீ அழுத்தறியா?"

"சுகர் இருக்குதாம்மா உங்களுக்கு?"

"சக்கர கீது. மாத்தர துன்னுகினு இருந்தேன். இப்ப கொஞ்ச நாளா இல்ல."

கயல்விழி எழுந்தாள். "நைனா, இவங்கள உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவணும்" என்றாள் எல்லப்பனிடம்.

எல்லப்பனுக்குக் கோபம் வந்தது. "இன்னாமா ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க? மஞ்சளாந்தா நல்லதுன்னு அவரு சொன்னாரு. போட்டோலாம் புடிச்சாங்க. வேண்டுதலு கீது, பாதில எப்டி உட்டுட்டுப் போறது?"

பஞ்சாட்சரம் வந்துவிட்டார். கமிட்டிக்காரர்கள் காதில் விழாதபடி, உதட்டை அசைக்காமல் பேசினார். "இன்னிக்குப் பூரா ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே ஷீட்டு இது. இதையும் குறை சொல்லப்போறியா?"

கயல்விழி மண்டி போட்டுப் பூவம்மாளின் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, இதைச் செஞ்சவ நான்தான். நானே சொல்றேன். இது பொய் சொல்லுது. உள்ள சீழ் வச்சிருக்குது. நீங்க மலை ஏறக் கூடாது."

பூவம்மாள் அவளை நன்றாகப் பார்த்தாள்.

"பொய் சொல்றத இன்னாத்துக்கு எங்கால்ல ஒட்ன?"

அதுவரை கயல்விழிக்குள் பஞ்சாட்சரத்தின் மேலும் பிரேம்குமாரின் மேலும் ஓர் ஏளனம் வசதியாக உட்கார்ந்திருந்தது. அவர்கள் வேறு, தான் வேறு என்று ஒரு நினைப்பு. ஆனால் காலை முதல் குனிந்து குனிந்து ஒட்டியது அவளுடைய கைதான்.

"எழுந்திருங்கம்மா. என்னைத் திட்டிக்கினே வாங்க" என்றாள்.

ரோடெல்லாம் போலீஸ் தடுப்பு. ஆட்டோ உள்ளே வராது. பூவம்மாளின் ஒரு பக்கம் எல்லப்பனும் மறு பக்கம் கயல்விழியும் தாங்கிக்கொண்டு, காலை ஊன்றவிடாமல், எதிரே வரும் காவடிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். பின்னாலிருந்து பிரேம்குமார், "கயல், சார் கூப்பிடறாரு" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. பூவம்மாள் சொன்னபடி திட்டிக்கொண்டேதான் வந்தாள். எல்லப்பன் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் தடித்த தோலைக் கீறியதும் சீழ் பீறிட்டது. எலும்பு வரை போயிருந்தது. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் எல்லப்பனைப் பார்த்த பார்வையில், அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு விரலை எடுத்தாகணும். இந்தக் காலோட மலை ஏறி எறங்கி, ஊருக்கும் நடந்து போயிருந்தாங்கன்னா, முட்டிக்குக் கீழ எதுவும் மிஞ்சியிருக்காது."

விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

சில நாள் கழித்துப் பஞ்சாட்சரம் வார்டுக்கே வந்தார். கூடப் பிரேம்குமார், போட்டோகிராபர், செல்லோபேன் சுற்றிய பெரிய பழக்கூடை. கயல்விழியும் அப்போது அங்கேதான் இருந்தாள். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இதுதான் அவரிடம் அவளுக்குப் பிடிபடாத விஷயம். மனிதருக்கு வெட்கம் என்ற ஒன்றே கிடையாது.

"நீயும் இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு, போட்டோவுல நில்லு" என்றார். பிறகு பூவம்மாளிடம் குனிந்தார். "அம்மா, உங்க காலைக் காப்பாத்தினது எங்க பேண்டேஜ். முன்கூட்டியே கண்டுபிடிச்சிட்டோம் பாத்தீங்களா?"

"மேல ஏறிப் போன்னு சொன்னது உங்காளுதானே சார்?" என்றார் எல்லப்பன், பிரேம்குமாரைக் கையால் காட்டி.

"சார், அது கடைசி வரைக்கும் மஞ்சளாவேதான் இருந்தது. என்கிட்ட இருக்குது அந்த ஷீட்டு" என்றாள் கயல்விழி.

"மஞ்சள்லயே ஒரு லேசான ஆரஞ்சு இருந்ததும்மா. உனக்குத் தெரியல. அனுபவம் வேணும்" என்றார் பஞ்சாட்சரம்.

போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். பூவம்மாள் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். பழக்கூடையை ஒரு தடவை பார்த்தாள். மாம்பழம், சப்போட்டா, கறுப்புத் திராட்சை.

"சக்கர வியாதிக்காரிக்கு இந்தக் காலத்துல யாருனா மாம்பழம் கொண்டாருவாங்களா? நீ இன்னா டாக்டரு?"

பக்கத்துக் கட்டில் நோயாளி சிரித்ததில் அவளுடைய டிரிப் ஊசியே நழுவிவிட்டது. நர்ஸ் வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பிரேம்குமார் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் தூக்கியதிலேயே கனமான பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

கயல்விழி பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தாள். விசாரணைக் குழு அமைத்தார்கள். அதன் உறுப்பினர் பட்டியலில் பஞ்சாட்சரத்தின் பெயரும் இருந்தது. 'துறை சார்ந்த நிபுணர்' என்ற முறையிலாம். நிபுணர் தன்னைத் தானே தீர விசாரித்து, தன்மேல் குற்றமில்லை என்று கண்டுபிடித்தார். முகாமைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது அதில் கயல்விழியின் பெயர் இல்லை. அவளே எடுக்கச் சொல்லியிருந்தாள். எடுத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். இனி அவளுக்கு வழிகாட்ட முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். சென்னையில் ஒரு ஓட்டலில் வைத்து அவருக்கு விருது கொடுத்தார்கள். விருதுக் கோப்பை என்னமோ சின்னதுதான். அதை வைக்க மையத்தில் புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. ரிப்பேரான கருவிகள் அப்படியேதான் இருந்தன.

கயல்விழியின் அப்பா, "போதும்மா, வூட்டுக்கு வந்துடு" என்றார். அவள் இரண்டு வாரம் வீட்டில் கிடந்தாள். பிறகு வேதியியல் துறையில் கஜபதி என்ற பேராசிரியரைப் போய்ப் பார்த்தாள். அவர் ரிட்டயராகப் போகிறவர். அதற்குள் ஒரு மாணவராவது தேவை என்ற நெருக்கடியில் இருந்தார். அவளுடைய ஆய்வு என்னவென்று கேட்கக்கூட இல்லை. "எதிக்ஸ் கமிட்டில கையெழுத்து வாங்கிட்டியா? வாங்கினப்புறம் வா. எனக்குத் தலைவலி வேண்டாம்" என்றார். அந்த அளவு போதும் என்று அவளுக்கு இருந்தது.

அவள் கண்ணாடித் தட்டுகளை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். விபூதி, குங்குமம், தேங்காய் எண்ணெய், துணி சோப்பு, வியர்வை, வயல் சேறு, காய்ப்பேறிய தோல். ஒவ்வொன்றிலும் அவளுடைய அருமை ஷீட் தோற்றது. பெரும்பாலானவற்றில் கேவலமாகத் தோற்றது. எங்கெங்கே தோற்கிறது என்பதையே எழுதி அனுப்பினாள். இரண்டு ஆய்வுப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது இன்னும் பதில் போடவில்லை.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்த பிறகு, கட்டு மாற்ற வருகிறவர்களின் பழைய பஞ்சை, அதில் ஊறிய சீழில் ஷீட்டைச் சோதிப்பதற்காகக் கேட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரிசையில் பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலில் ரப்பர் செருப்பு. முன்பக்கம் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. எல்லப்பன் வேலைக்குப் போயிருந்தார். கயல்விழியைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

கயல்விழி தான் வந்த காரியத்தைச் சொன்னாள். பஞ்சு எதற்கு, அதை என்ன செய்வாள், பிடிக்காவிட்டால் தர வேண்டாம், தராவிட்டாலும் இங்கே வைத்தியம் நடக்கும், எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்கு எதுனா ஒட்டுவியா?"

"இல்லம்மா. யாருக்கும் ஒட்ட மாட்டேன். நீங்க தூக்கிப் போடற பஞ்சு மட்டும்தான்."

"எப்ப சரியாவும் அந்த ரப்பரு?"

"தெரியலம்மா. ஆவாமலே கூடப் போவும்."

பூவம்மாள் யோசித்தாள். "சரி, எட்துகினு போ. எம்பேர மட்டும் எங்கியும் போடாத" என்றாள். பிறகு நர்ஸ் கூப்பிட்டதும், கயல்விழி நீட்டிய கையைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் கயல்விழி ஏறிய டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். பஞ்சு இருந்தது மூடி போட்ட டப்பாவில்தான், அதற்கு மேல் கவர் வேறு. இருந்தாலும் பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை முறைத்தாள். கயல்விழி ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.